விதைக்கு வச்சது

1

எங்கள் வீட்டில் அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடுவே ஒரு ஓட்டுத் தாழ்வாரம் உண்டு. அதன் குறுக்குச் சட்டத்தில் வருஷத்தில் பாதி நாள் வெங்காயக் கொத்து தொங்கும். தாளோடு பிடுங்கி, நிழலில் நாலைந்து நாள் உலர்த்தி, தாளையே சேர்த்துக் கட்டிக் கயிற்றில் மாட்டிய சின்ன வெங்காயம். காற்றடித்தால் தோல் சலசலக்கும். சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்குப் பயந்திருக்கிறேன்.

ஊர் அகரம். திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற பக்கம், தாடிக்கொம்பை ஒட்டிய பேரூராட்சி. குடகனாறு பக்கத்தில்தான் ஓடுகிறது. ஓடுகிறது என்பது ஒரு மரியாதைக்காகச் சொல்வது, மணலும் சீமைக்கருவேலமும்தான் பெரும்பாலும். திண்டுக்கல்லில் வெங்காயத்துக்கென்றே ஒரு பேட்டை இருக்கிறது. சுற்றுப்பட்டு மாவட்டங்களிலிருந்து மூட்டைகள் வந்து இறங்கி, இலங்கைக்கும் மலேசியாவுக்கும்கூடப் போகும். அப்படி ஒரு ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வீட்டுக் கொல்லையில் அரை சென்ட்டில் வெங்காயம் போடுவது, ஆற்றங்கரையில் உட்கார்ந்து சொம்பில் தண்ணீர் சேர்த்து வைக்கிற மாதிரிதான். ஆனால் அம்மா போடுவாள். அவளுடைய அம்மாவும் போட்டாள். அவ்வளவுதான் காரணம்.

2019 டிசம்பரில் நான் பெங்களூரிலிருந்து லீவுக்கு ஊர் வந்திருந்தேன். அந்த வருஷம் வடக்கே மழையில் வெங்காயம் அழுகி, செப்டம்பர் 29-ஆம் தேதியே மத்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்திருந்தது. எகிப்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் வெங்காயம் கப்பலேறி வந்தது. எங்கள் ஊர்க் கடைகளிலேயே கிலோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. வாட்ஸப்பில் எல்லாம் வெங்காயத் தோடு, வெங்காய அட்டிகை ஜோக்குகள்.

ஒரு சாயங்காலம் பின்தெரு அத்தை வந்தார்கள். சொந்தம் கிடையாது. அம்மாவும் அவர்களும் ஒருவரை ஒருவர் ‘மதினி’ என்று கூப்பிட்டுக்கொள்வதால் எனக்கு அத்தை. என்னைப் பார்த்தால் “என்ன மருமகனே, எப்ப வந்தீக?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். வெங்காயக் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். பிடுங்குவது, தாள் அரிவது, மூட்டை பிடிப்பது. நாள் முழுக்க வெங்காயத்துக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டு வருகிற கை; அந்த வாசம் போகாது.

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து சம்பந்தக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்களாம். “ஒரு அரைக் கிலோ வெங்காயம் இருந்தா குடுங்க மதினி. சனிக்கிழமை கூலி வந்ததும் வாங்கித் தந்துடுறேன்.”

அம்மா சொன்னாள்: “வெங்காயம் இல்லையே மதினி. இருக்கிறது விதைக்கு வச்சது.”

அத்தை தலையை நிமிர்த்திச் சட்டத்தைப் பார்த்தார்கள். கொத்து தொங்கியது. மூன்று கிலோ இருக்கும். “ஆமா, விதைக்குன்னா எப்படி எடுக்கிறது” என்று அவர்களே சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். வாசற்படி தாண்டும்போது என்னைப் பார்த்து, “வரேன் தம்பி” என்றார்கள்.

நான் திண்ணையில் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். ‘தம்பி’ என்ற சொல் உறைக்கவே எனக்குச் சில மாதங்கள் ஆயின.

2

அம்மா செய்தது சரியா, தப்பா?

சட்டென்று தப்பு என்று சொல்லத் தோன்றும். பக்கத்து வீட்டுக்காரி அரைக் கிலோ கேட்கிறாள், கண்ணெதிரில் மூன்று கிலோ தொங்குகிறது. ஆனால் விவசாயம் தெரிந்த யாரும் அப்படிச் சட்டென்று சொல்ல மாட்டார்கள். விதை என்பது நம் ஊரில் வெறும் பொருள் அல்ல, அது ஒரு வரம்பு. வீட்டில் அரிசி இல்லாமல் போகலாம், விதைநெல்லில் கை வைக்கக் கூடாது. வைத்துவிட்டால் அந்தக் குடும்பம் கவிழ்ந்துவிட்டது என்று ஊரே பேசிக்கொள்ளும்.

சின்ன வெங்காயத்தில் இந்த வரம்பு இன்னும் மெல்லிசானது. கத்தரிக்கோ வெண்டைக்கோ விதை வேறு, தின்பது வேறு. விதைக்கு விட்ட வெண்டை முற்றி நாராகிவிடும்; அதை யாரும் குழம்புக்குக் கேட்க மாட்டார்கள். பெரிய வெங்காயத்தைக்கூட விதை தூவி நாற்று விட்டுத்தான் வளர்க்கிறார்கள். சின்ன வெங்காயத்துக்கு இப்போது விதை மூலம் வளரும் ரகம் வந்திருந்தாலும், எங்கள் வீட்டில் காயையே நடுகிறோம். பாரின் சரிவில் நாலு விரல் தள்ளி ஒரு காயை ஊன்றினால், அது உள்ளுக்குள்ளேயே பிரிந்து ஐந்தாறு காயாகக் கொத்துவிடும். நட்ட அன்று ஒரு தண்ணி, மூன்றாம் நாள் உயிர்த் தண்ணி. அறுபத்தைந்து, எழுபது நாளில் தாள் சாயும். சாய ஆரம்பித்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டுப் பிடுங்க வேண்டியதுதான். பிடுங்கினதை உடனே மறுபடி நடமுடியாது. அது கொஞ்ச காலம் உறங்க வேண்டும். இரண்டு மாதமாவது காற்றோட்டத்தில் கிடந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். அந்த உறக்கத்துக்காகத்தான் சட்டத்தில் தொங்கல்.

ஆக, சட்டத்தில் தொங்குவது காயா, விதையா என்று காயைப் பார்த்துச் சொல்ல முடியாது. தோலில் எழுதியிருக்காது. குழம்புக்குப் போனால் காய், பாத்திக்குப் போனால் விதை. அதை விதையாக்குவது அம்மாவின் தீர்மானம் ஒன்றுதான். விதை என்பது அங்கே ஒரு வாக்கு. அம்மா தை மாதத்துக்குக் கொடுத்து வைத்திருந்த வாக்கு.

கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது. இன்னும் வராத ஒரு மாதத்துக்குக் கொடுத்த வாக்கும், வாசலில் வந்து நிற்கிற ஆளுக்கு நாம் படுகிற கடனும் மோதினால் எது பெரிது?

3

தமிழில் இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. பெரியபுராணத்தில் வரும் இளையான்குடி மாற நாயனார் கதை. அடியார்களுக்குச் சோறு போட்டே செல்வம் கரைந்து வறுமைக்கு வந்தவர். ஒரு மழை இரவில், தானே பட்டினியாக இருக்கிற நேரத்தில், அடியார் வேடத்தில் சிவன் வந்து கதவைத் தட்டுகிறார். வீட்டில் ஒன்றும் இல்லை. மனைவிதான் வழி சொல்கிறார்: பகலில் வயலில் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வந்தால் சமைக்கலாம். கும்மிருட்டில், கொட்டுகிற மழையில், காலால் தடவித் தடவி வயலுக்குப் போய், தண்ணீரில் மிதக்கும் முளைநெல்லைக் கூடையில் வாரிக்கொண்டு வருகிறார். விறகு இல்லை என்றதும் வீட்டுக் கூரையின் கொம்பை வெட்டித் தருகிறார். கறிக்கு இல்லை என்றதும் கொல்லையில் இன்னும் சரியாக வளராத கீரையைப் பறித்துவருகிறார். விதை, கூரை, வீட்டுத் தோட்டம் மூன்றும் ஒரே ராத்திரியில் போய்விட்டன.

திருக்குறளும் விருந்தோம்பல் அதிகாரத்தில் ஒரு கேள்வி கேட்கிறது: விருந்தினரை உண்ணவைத்து மிஞ்சியதை உண்பவனின் நிலத்துக்கு விதை போடத்தான் வேண்டுமா என்று. இதைச் சின்ன வயதில் ஒரு அழகான மிகை என்று கடந்திருக்கிறேன். அந்த டிசம்பருக்குப் பிறகு, வள்ளுவர் மிகச் சரியாக எங்கள் தாழ்வாரத்துச் சட்டத்தின் கீழே வந்து நின்றுதான் கேட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது.

மாறனார் கதையில் எனக்கு ஒரு சிக்கல். அதில் வந்தவர் சிவன். கதை முடிவில் சோதியாகத் தோன்றிக் கணவன் மனைவி இருவரையும் ஏற்றுக்கொள்கிறார். விதைநெல் போன வயலில் அடுத்த மாதம் என்ன ஆனது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. முடிவை எடுத்துவிட்டுப் பாருங்கள். வந்தவர் வெறும் வழிப்போக்கர். சாப்பிட்டுக் கையலம்பி, விடிந்ததும் போய்விட்டார். வயல் வெறுமை, கூரையில் ஓட்டை, கொல்லையில் குழி. அப்போதும் அது அறமா?

அறம்தான் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதற்கு முன் எதிர்ப்பக்கத்துக் கதை ஒன்றையும் கேட்டுவிடலாம்.

1941 செப்டம்பரில் ஜெர்மன் படை லெனின்கிராடைச் சுற்றி வளைத்தது. 1944 ஜனவரி வரை முற்றுகை நீடித்தது. நகரத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். அந்த நகரத்தின் நடுவில் ஒரு தாவர ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. நிகொலாய் வவிலோவ் உலகம் முழுக்க அலைந்து சேர்த்த விதைகள் அங்கே இருந்தன. கோதுமை, நெல், சோளம், பயறு, உருளைக்கிழங்கு. டன் கணக்கில் தின்னக்கூடிய பொருள். அதைக் காவல் காத்த விஞ்ஞானிகள் பலர் பசியால் இறந்தார்கள். நெல் வகைகளைப் பார்த்துக்கொண்டவர் நெல் மூட்டைகளுக்கு நடுவிலேயே இறந்துபோனார். ஒரு பிடி எடுத்து வேகவைத்துக் குடிக்கவில்லை. ‘விதைக்கு வச்சது.’ வவிலோவ் அப்போது ஸ்டாலினின் சிறையில் இருந்தார். 1943 ஜனவரியில் அவரும் சிறையிலேயே, உணவின்றி நலிந்து இறந்தார்.

மாறனார் விதையை வாரிக் கொடுத்தார். லெனின்கிராட்காரர்கள் விதையைத் தொடாமல் செத்தார்கள். இரண்டையும் படிக்கும்போது எனக்குக் கண் கலங்குகிறது. ஒரே விஷயத்தில் நேரெதிராக நடந்துகொண்ட இரண்டு பேரையும் எப்படி ஒரே மனசு கும்பிடுகிறது? அப்படியென்றால் கொடுப்பதா, காப்பதா என்பதல்ல இங்கே கேள்வி. இரண்டு கதைக்கும் பொதுவாக வேறு ஏதோ இருக்க வேண்டும்.

4

அது என்ன என்று சொல்வதற்கு முன் நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு நேரம் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

அத்தை வந்துபோன அதே ராத்திரி, எனக்குச் சாப்பாட்டில் மனசு போகவில்லை. நாலு மாசம் பெங்களூர் ஹோட்டல் சாம்பார். “என்னம்மா, வெங்காயமே இல்லாம ஒரு குழம்பு” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து போய், ஸ்டூல் போட்டு ஏறி, கொத்திலிருந்து ஒரு கை வெங்காயம் பிய்த்துக்கொண்டு வந்தாள். இருபது காய் இருக்கும். உரித்து, நல்லெண்ணெயில் முழுசு முழுசாக வதக்கி, மறுபடி குழம்பு வைத்துக் கொடுத்தாள். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

விதை எனக்காக உடைந்தது. அவர்களுக்காக உடையவில்லை.

இதை வைத்துப் பார்க்கும்போது அந்தச் சாயங்காலம் வேறு மாதிரித் தெரிகிறது. அம்மா பொய் சொல்லவில்லை. அது விதைக்கு வைத்ததுதான். ஆனால் அந்தச் சொல் அத்தைக்கு வரம்பாக நின்றது. எனக்கு முன்னால் ஒரு கயிறாகக்கூட நிற்கவில்லை. தனக்கு வேண்டியபோது திறக்கிற, அடுத்தவர் கேட்கும்போது பூட்டிக்கொள்கிற கதவுக்கு ‘விதை’ என்று பெயர் வைத்திருந்தோம். ‘வைத்திருந்தோம்’ என்று பன்மையில்தான் சொல்ல வேண்டும். தின்றது நான்.

லெனின்கிராட்காரர்கள் விதையை யாருக்கு மறுத்தார்கள்? முதலில் தங்களுக்கு. அவர்கள் மட்டும் ராத்திரியில் ரகசியமாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு, பசித்த நகரத்திடம் ‘இது எதிர்காலத்துக்கானது’ என்று சொல்லியிருந்தால் அந்தக் கதையை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். மாறனாரும் அப்படித்தான். அவர் எடுத்துக் கொடுத்தது அடுத்தவன் வயலிலிருந்து அல்ல. தன் வயல், தன் கூரை, தன் பசி. கொடுத்தவரும் காத்தவரும் அதன் விலையைத் தங்கள் உடம்பில் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு கதைக்கும் பொது அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு பொருளை ‘நாளைக்கு’ என்று சொல்லி மறுக்கிற உரிமை, அதை முதலில் தன் வாய்க்கு மறுத்தவருக்குத்தான் உண்டு.

தஸ்தயெவ்ஸ்கியின் கரமசோவ் சகோதரர்கள் நாவலில் குருஷென்கா ஒரு கதை சொல்வாள். கொடுமைக்காரக் கிழவி ஒருத்தி செத்து நெருப்பு ஏரியில் கிடக்கிறாள். வாழ்நாளில் அவள் செய்த ஒரே நல்ல காரியம், தன் தோட்டத்திலிருந்து ஒரு வெங்காயத்தைப் பிடுங்கிப் பிச்சைக்காரிக்குக் கொடுத்தது. காவல் தேவதை அந்த வெங்காயத்தையே நீட்டி அவளை மேலே இழுக்கிறது. ஏரியில் கிடக்கும் மற்றவர்களும் அவளைப் பிடித்துக்கொண்டு ஏறப் பார்க்கிறார்கள். கிழவி அவர்களை உதைக்கிறாள்: இது என் வெங்காயம், உங்களுடையது இல்லை. அந்தக் கணம் தாள் அறுந்து, திரும்பவும் ஏரியில் விழுகிறாள்.

இந்தக் கதையைக் கல்லூரியில் படித்தபோது, ஒரு வெங்காயத்தால்கூட மீட்பு உண்டு என்பதைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். இப்போது எனக்குப் படுவது வேறு. அவள் கையில் இருப்பது அவள் வெங்காயமே அல்ல. எப்போதோ கொடுத்துவிட்டாள். கொடுத்ததால்தான் அது இப்போது அவளை இழுக்கிறது. கொடுத்ததையும் ‘என்னுது’ என்று திரும்பச் சொந்தம் கொண்டாடிய நொடியில் அது வெறும் தாளாகிவிட்டது. வெங்காயத் தாள் எவ்வளவு தாங்கும்?

5

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நான் இதை நண்பன் ஒருவனிடம் சொன்னபோது அவன் கேட்டான்: “உங்க அம்மா குடுக்காததாலதானே தையில நட முடிஞ்சது? அதுல விளைஞ்சது எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்.”

கணக்குப் போட்டேன். தை முதல் வாரத்தில் நட்டோம். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு (குறைந்தது என் வயிற்றில் இருந்தது). இலைப்பேன் கொஞ்சம் வந்தது, சாம்பல் தூவினோம். பங்குனியில் தாள் சாய்ந்தது. பிடுங்கியபோது 22 கிலோ. கிட்டத்தட்ட ஏழு, எட்டு மடங்கு. அத்தைக்கு அரைக் கிலோ கொடுத்திருந்தால் அறுவடையில் மூன்றரை, நாலு கிலோ குறைந்திருக்கும். அவ்வளவுதான். பாத்தி காலியாகியிருக்காது, விதை அற்றுப்போயிருக்காது. ‘விதை’ என்ற பெரிய சொல்லுக்குப் பின்னால் இருந்தது நாலு கிலோ.

நண்பனின் கணக்கு இன்னொரு பக்கமும் போகும். அன்றைக்குக் கொடுக்காத அரைக் கிலோதான் பங்குனியில் நாலு கிலோவானது. அதை அத்தைக்கே கொடுத்தால் அவர்களுக்கும் லாபம்தானே? இன்று மறுத்து நாளை பெருக்கிக் கொடுப்பது நல்லதுதானே?

அம்மா அதைத்தான் செய்தாள். பிடுங்கிய வாரம் 2020 மார்ச்சின் கடைசி வாரம். 24-ஆம் தேதி ராத்திரி நாடு முழுக்க ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. நான் நாலு நாள் முன்னால்தான் லேப்டாப்போடு ஊருக்கு வந்து சேர்ந்திருந்தேன். காட்டு வேலை நின்றது. பஸ் இல்லை. அத்தை வீட்டில் கூலியே ஒரே வருமானம். அம்மா ஒரு கட்டைப்பையில் நாலு கிலோ வெங்காயம் போட்டு, “மதினி வீட்ல குடுத்துட்டு வா” என்றாள்.

முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு போனேன். அத்தை பையை வாங்கிப் பார்த்தார்கள். உள்ளே போய்ச் சொளகு எடுத்துவந்து வெங்காயத்தைக் கொட்டினார்கள். கையால் அளந்து, நாலு கை, ஐந்து கை, ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். மிச்சத்தைத் திரும்பப் பையில் போட்டு என்னிடம் நீட்டினார்கள்.

“எல்லாம் உங்களுக்குத்தான் அத்தை. அம்மா குடுத்துவிட்டுச்சு.”

“நான் கேட்டது அரைக் கிலோதான் தம்பி.”

கோபம் இல்லை அந்தக் குரலில். அதுதான் தாங்க முடியவில்லை. வீட்டில் ஒன்றுமில்லாத நாளில், மூன்றரைக் கிலோவைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

என் நண்பனின் கணக்கில் இல்லாதது இதுதான். அத்தை டிசம்பரில் கேட்டது வெங்காயம் மட்டும் அல்ல. சம்பந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கிற அந்த ஒரு சாயங்காலத்தில், மகளின் முகம் வாடாமல் இருப்பதற்கான அரைக் கிலோ. அந்தச் சாயங்காலம் பங்குனியில் விளையாது. எட்டு மடங்காகப் பெருகுவது வெங்காயம். தேவை அப்படிச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு மாதம் உறங்கி எழுந்து வராது. பிறகு எவ்வளவு கொடுத்தாலும் அது வேறு ஒரு கொடை. நல்ல கொடையாகக்கூட இருக்கலாம், ஆனால் பழையதற்கு ஈடாகாது. அதைத்தான் அத்தை சொளகில் அளந்து காட்டினார்கள்.

6

இன்னொன்றும் உண்டு. அதை நான் வெகுநாள் கழித்துத்தான் யோசித்தேன். ‘விதை வெங்காயமாகவே அத்தைக்குக் கொடுத்திருக்கலாமே, அவர்களும் நட்டிருப்பார்களே’ என்று ஒருமுறை தோன்றியது. எங்கே நடுவார்கள்? பின்தெருவில் அவர்கள் வீடு முக்கால் சென்ட். பின்பக்கச் சுவரை ஒட்டி அடுத்த வீட்டுச் சுவர். வாசலில் சைக்கிள் நிறுத்தவே இடமில்லை. ஊருக்கே வெங்காயம் பிடுங்கிக் கொடுக்கிற கைக்கு ஒரு காயை ஊன்ற மண் கிடையாது.

ஒரு வெங்காயம் விதையாவதற்கு அம்மாவின் வாக்கு போதும் என்று மேலே எழுதினேன். அது முழுக்கச் சரியல்ல. வாக்கோடு பாத்தியும் வேண்டும். மண் இருக்கிறவருக்குத்தான் வெங்காயம் விதை. மண் இல்லாதவருக்கு அது எப்போதும் காய்தான். அதனால் ‘நாளைக்கு’ என்ற நியாயத்தைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நாளை யாருடைய கொல்லையில் விளையப் போகிறதோ அவர்களாகவே இருக்கிறார்கள். வருங்காலத்துக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் சொல்லும்போது, அந்த வருங்காலத்தில் கேட்கிறவருக்கு எத்தனை சென்ட் இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக் கொல்லையைத் தாண்டினாலும் இதே கதைதான். விலை ஏறினால் நாடு கொந்தளிக்கிறது. 1980 பொதுத் தேர்தலில் வெங்காய விலை பிரச்சாரப் பொருளானது. 1998-இல் டெல்லியில் ஆட்சி மாறியதில் அதற்குப் பங்கு உண்டு. அதனால் விலை ஏறும்போதெல்லாம் ஏற்றுமதிக்குத் தடையோ வரியோ வருகிறது. 2023 ஆகஸ்டில் 40 சதவீத வரி, டிசம்பரில் முழுத் தடை, அடுத்த மே வரை. மக்களின் நலனுக்காக விவசாயி லாபத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். சரி, இருக்கட்டும். அதே 2023 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மண்டியில் 512 கிலோ வெங்காயம் விற்ற ஒரு விவசாயிக்குச் செலவெல்லாம் கழித்து 2 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார்கள். அப்போது எந்த மக்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள்? கிலோ நூறு ரூபாய்க்கு ஜோக் அடித்த நானும் அந்தச் செய்தியை ஸ்க்ரோல் செய்துவிட்டுத்தான் போனேன். தியாகத்தை அடுத்தவர் மேல் எழுதிவைக்கும் பழக்கம் எங்கள் தாழ்வாரத்தில் மட்டும் இருப்பதல்ல.

தனக்கு முதலில் மறுத்துக்கொண்டால் போதுமா, பிறகு யாருக்கு வேண்டுமானாலும் மறுக்கலாமா? அப்படிச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அன்றைக்கு நான் அந்தக் குழம்பைச் சாப்பிடாமல் இருந்திருந்தாலும் அத்தை வீட்டுச் சட்டி வெறுமையாகத்தான் இருந்திருக்கும். தனக்கு மறுத்துக்கொள்வது மறுப்பை நேர்மையாக்கும், சரியாக்கிவிடாது. ஆனால் நேர்மையான மறுப்பில் கேட்டவருக்கு ஒன்றாவது மிஞ்சும். ‘அவங்களும் திங்கலை, அதனாலதான் எனக்கும் குடுக்கலை’ என்று திரும்பிப் போகலாம். உறவு அறாமல் இருக்க அது போதும். அடுப்புப் புகையும் வதங்கல் வாசனையும் பின்தெருவரைக்கும் போகும் என்பது அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நெருக்கிப் பார்த்தால் ‘என்னுது’ என்று சொல்வதற்கு எங்களுக்கும் பெரிய பாத்தியதை இல்லை. வெங்காயம் என்பது அந்தச் செடி தனக்காகச் சேர்த்த சேமிப்பு. நாம் உரிக்கிற அடுக்கெல்லாம் இலையின் அடிப்பாகம்தான்; வெயில் காலத்தைத் தாண்டி அடுத்த பருவத்தில் எழுந்து பூப்பதற்காக ஒவ்வொரு இலையின் அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பதுக்கியது. அதுவும் விதைக்கு வைத்ததுதான். செடியைக் கேட்டா பிடுங்கினோம்?

எங்கள் பக்கம் முத்தாலம்மன் சாமியை மண்ணில் செய்வார்கள். கண் திறந்து, ஊர் கூடிக் கும்பிட்டு, திருவிழா முடிந்ததும் மண்ணோடு மண்ணாக விட்டுவிடுவார்கள். அடுத்த வருஷத்துக்கு என்று எடுத்து வைப்பதில்லை. அடுத்த வருஷம் மறுபடி மண் எடுப்பார்கள். சாமிக்கு முடிகிறது.

7

அந்தப் பங்குனிக்குப் பிறகு இதைப்பற்றி நானும் அம்மாவும் பேசிக்கொண்டதே இல்லை. திரும்பி வந்த பையை அம்மா பார்த்தாள். எவ்வளவு இருக்கிறது என்று தூக்கிப் பார்த்தாள். கொல்லையில் போய் வெகுநேரம் வெறும் பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தாள்.

போன மார்கழியில் ஊருக்குப் போயிருந்தேன். சட்டத்தில் கொத்து தொங்கியது. ராத்திரிக் குழம்பில் வெங்காயம் இல்லை. பழக்கதோஷத்தில் ஸ்டூலை இழுத்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: “அதுல கை வைக்காத. விதைக்கு வச்சது. வேணும்னா கடையில வாங்கிட்டு வா.”

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெருமுனையில் அத்தை வந்துகொண்டிருந்தார்கள். வேலை முடிந்து வருகிற நேரம். பக்கத்தில் வந்ததும் அதே வெங்காய வாசம்.

“எங்க, இந்நேரத்துல?”

“கடைக்கு அத்தை. வெங்காயம் வாங்க.”

“உங்க வீட்லதான் கொத்துக் கொத்தாத் தொங்குதே.”

“அது விதைக்கு வச்சதாம். எனக்கும் கெடையாதாம்.”

அத்தை கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என் கையிலிருந்த வெறும் பையைப் பார்த்தார்கள்.

“சரி, இருட்டுது. பாத்துப் போங்க மருமகனே” என்றார்கள்.